தீயணைப்புத் துறைக்கு ஒதுக்கும் பணம் நம்ம பட்டறைக்கு வரும் வழி

கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்ன ஃபவுண்டரி, அதாவது உலோகத்தை உருக்கி வார்க்கும் பட்டறை, இருக்கிறது. தாமிரக் கலப்பு உலோகமான கன்மெட்டல் மட்டும்தான் ஊற்றுகிறோம். மணல் அச்சு செய்யும் மோல்டர் இரண்டு பேர், லேத்தில் இரண்டு பேர், வார்ப்பின் பிசிறு நீக்கும் ஃபெட்லிங்குக்கும் பாலிஷுக்கும் இரண்டு அக்காக்கள். கணக்குவழக்கு முழுக்க என் மனைவி. முன்பெல்லாம் பம்பு கம்பெனிகளுக்கு புஷ்ஷும் இம்பெல்லரும் ஊற்றிக்கொடுத்தே காலம் ஓடியது. இன்றைக்கு எங்கள் வேலையில் பாதிக்கு மேல் தீயணைப்புச் சாமான்: தண்ணீர் ஹோஸ்களை இணைக்கும் கப்ளிங், ஹோஸ் முனையில் கையில் பிடிக்கும் பிராஞ்ச் பைப், அதன் நுனியில் வரும் நாசில், கட்டடத்தில் ஹோஸ் மாட்டும் லேண்டிங் வால்வு பாடி. "இந்த லைன் எப்படிப் பிடிச்சீங்க?" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது போன் பண்ணுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. எழுதியே விடுகிறேன்.

தீயணைப்புத் துறைக்கு இத்தனை கோடி என்று பேப்பரில் படித்ததும் நம் கண்ணுக்கு வருவது சிவப்பு வண்டி. அதை மறந்துவிடுங்கள். சேசிஸ் பெரிய கம்பெனிக்குப் போகும், பாடி கட்டுவது இன்னொரு பெரிய கம்பெனி. ஆறு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அங்கே என்ன வேலை? வண்டிக்குள் அடுக்கி வைத்திருக்கும், ஒவ்வொரு அழைப்பிலும் தரையில் இழுபடும், தேயும், உடையும் சாமான்களைப் பாருங்கள். அவைதான் நம்ம ஊரில் சம்பளமாக மாறுகின்றன. வண்டியை ஒருமுறை வாங்கினால் பல வருடம் ஓடும். ஹோஸும் கப்ளிங்கும் அப்படி இல்லை.

சரி, பணம் எங்கிருந்து கிளம்புகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு பட்ஜெட்டில் காவல் துறைக்கு மானியக் கோரிக்கை (துறைச் செலவுக்குச் சட்டசபையின் ஒப்புதல் கேட்பது) எண் 22. அதற்கு அடுத்த 23 தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. ஒவ்வொரு வருடமும் சட்டசபையில் இந்தக் கோரிக்கை வரும்போது உள்துறை ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். அரசு இணையதளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கும். நான் பிரிண்ட் எடுத்து, பென்சிலோடு உட்காருவேன். எத்தனை புதிய நிலையங்கள், எந்தெந்த ஊரில், என்ன வாகனம், என்ன கருவி என்று அதிலேயே இருக்கும். அடுத்த ஒரு வருடத்தில் என்ன டெண்டர் வரப்போகிறது என்பதற்கு இதைவிட நல்ல ஜோசியம் கிடையாது. அரசியல் பேச்சுப் பகுதியைத் தாண்டி அட்டவணைகளுக்குப் போய்விடுங்கள்.

மத்திய அரசுப் பணமும் உண்டு. 15-ஆவது நிதிக்குழு பரிந்துரைத்தபடி, மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கவும் நவீனமாக்கவும் 5,000 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை உள்துறை அமைச்சகம் 2023-இல் தொடங்கியது. நம்மைப் போன்ற மாநிலங்கள் இதில் 25 சதவீதத்தைத் தங்கள் பங்காகப் போட வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 10 சதவீதம் போதும். உங்களுக்கு இதில் என்ன என்று கேட்டால், இப்படி ஒரு திட்டம் வரும்போது நாடு முழுக்க ஒரே சமயத்தில் வாங்குவார்கள். கேரளாவிலோ மகாராஷ்டிராவிலோ டெண்டர் எடுத்த பெரிய சப்ளையருக்கு திடீரென்று கப்ளிங் ஆயிரக்கணக்கில் தேவைப்படும். அவர் வார்ப்புக்கு எங்கே வருவார்? கோவைக்குத்தான். எங்கள் முதல் பெரிய ஆர்டர் அப்படி வந்ததுதான், அரசிடமிருந்து நேராக வந்ததில்லை.

ஊருக்குப் புதிதாக ஒரு தீயணைப்பு நிலையம் வந்தால் அந்த ஊர்க் கடைக்காரர்களுக்கு வரும் வியாபாரம் தனி. கட்டடத்தைப் பெரும்பாலும் தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம் கட்டுகிறது. சிவில் கான்ட்ராக்டர்கள் அங்கே பதிவு செய்துகொள்ளலாம். அப்புறம் டீசல், பேட்டரி, டயர், எலக்ட்ரீஷியன் வேலை, இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கும் இடம் என்பதால் பக்கத்து டீக்கடை, மெஸ். இவையெல்லாம் தானாக நடக்கும், யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை.

இனி சாமானுக்கு வருகிறேன். நான் சொல்வதில் முக்கியமான பகுதி இதுதான், அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம்.

இந்தியா முழுக்கத் தீயணைப்பு ஹோஸின் கப்ளிங் பெரும்பாலும் 63 மில்லிமீட்டர் இன்ஸ்டன்டேனியஸ் வகை. அதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 903. ஆண் பாகம் வெறும் வழவழப்பான விளிம்பு. பெண் பாகத்தில் ஸ்பிரிங் வைத்த இரண்டு பூட்டு முளைகள் (பிளஞ்சர்), உள்ளே ஒரு ரப்பர் வாஷர். தள்ளினால் 'க்ளிக்' என்று பிடித்துக்கொள்ளும். மரை கிடையாது, திருக வேண்டியதில்லை. இருட்டில், புகையில், கையுறை போட்ட கையால் ஒரே தள்ளில் மாட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அமைப்பு. பெண் பாகத்தின் உள்விட்டம் கொஞ்சம் கூடினால் கசியும், குறைந்தால் மாட்டாது. பிளஞ்சர் உட்காரும் துளை சாய்ந்துவிட்டால் மாட்டும், ஆனால் கழற்ற வராது. கழற்ற வராத கப்ளிங் தீ எரியும் இடத்தில் எவ்வளவு பெரிய தலைவலி என்று ஒரு நிலைய அலுவலர் எனக்கு நடித்தே காட்டினார்.

இந்த 63 மில்லிமீட்டரை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் பெரிய சந்தை அரசு நிலையத்தில் இல்லை. பஞ்சாலை, பனியன் கம்பெனி, மாடிக் குடியிருப்பு, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வாங்க வேண்டிய கட்டடங்களில் இருக்கிறது. அங்கே வைக்கும் ஹைட்ரன்ட் வால்வின், அதாவது லேண்டிங் வால்வின், வாயும் அதே 63 மில்லிமீட்டர் பெண் கப்ளிங்தான். தீயணைப்பு வண்டி வந்து தன் ஹோஸை அப்படியே மாட்ட வேண்டுமே! ஆக, துறைக்கு ஆளும் வண்டியும் ஆய்வுக்குப் போக நேரமும் இருக்கும் மாவட்டத்தில் தனியார் கட்டடங்களும் ஒழுங்காக வாங்கும். ஆய்வு தளர்ந்தால் எங்கள் ஆர்டரும் தளரும். பத்து வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் பார்த்து நான் சொல்லும் கணக்கு இது: அரசு நேரடியாக வாங்கியது ஒரு பங்கு என்றால், அரசு கேட்பதால் தனியார் வாங்கியது எங்களுக்கு மூன்று பங்கு.

தீபாவளிப் பட்டாசுக் கடைக்காரர்களைக் கேளுங்கள், அவர்களுக்கும் இது தெரியும். தற்காலிகக் கடைக்கு 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி எரியாத பொருளால் ஆன கொட்டகை வேண்டும், கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும், ஒன்றையொன்று பார்த்தபடி வைக்கக் கூடாது. தீயணைப்பு ஆய்வு நேரத்துக்கு நடக்காவிட்டால் லைசென்ஸ் தள்ளிப்போகும். பத்துநாள் வியாபாரத்தில் இரண்டு நாள் போனால் போனதுதான்.

சரி, உலோகம். எங்கள் கன்மெட்டல், ஐ.எஸ். 318 தரநிலையில் எல்.டி.பி. 2 என்ற கிரேடு. தாமிரம் சுமார் 85 பங்கு, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் மூன்றும் ஐந்தைந்து பங்கை ஒட்டி. கணபதியில் எந்த மோல்டரைக் கேட்டாலும் இதைத் தூக்கத்தில் சொல்வார். ஆனால் பம்பு புஷ்ஷுக்கு ஊற்றுவதும் கப்ளிங்குக்கு ஊற்றுவதும் ஒன்றில்லை என்பதை நான் இருநூறு கப்ளிங்கில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் முதல் நேரடி சப்ளை. இருநூறு ஜோடி. ஆய்வுக்கு வந்தவர் ஒவ்வொன்றையும் தண்ணீர் அழுத்தத்தில் வைத்தார். முதல் முப்பது ஒன்றும் இல்லை. அதற்கடுத்து ஒரு கப்ளிங்கின் கழுத்தில், ஐஸ் வைத்த டம்ளரின் வெளிப்பக்கம் போல, மெல்லிய ஈரம். துடைத்தார். மறுபடி வந்தது. "வேர்க்குதுங்க" என்றார். ஓட்டை என்று கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, உலோகமே வியர்க்கும். அன்றைக்கு நாற்பத்தொன்று அப்படிப் போனது. என் மோல்டர் மணலில் ஈரம் என்றார், லேத்துக்காரர் மோல்டரைப் பார்த்தார். கடைசியில் ஒரு துண்டை ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோ (உலோகக் கலவைச் சோதனை) பார்த்தபோது உண்மை வந்தது: அலுமினியம். பழைய வால்வு ஸ்க்ராப் வாங்கிப் போட்டிருந்தோம், அதில் அலுமினியம் பிரான்ஸ் துண்டு ஏதோ கலந்திருக்கிறது. ஈயம் கலந்த கன்மெட்டலில் அலுமினியம் மிகச் சிறிய அளவில் கலந்தாலே போதும், வார்ப்பு அழுத்தம் தாங்காது. புஷ்ஷில் அது தெரியவே தெரியாது. இத்தனை வருடம் எங்களுக்குத் தெரியாததற்கும் அதுதான் காரணம்.

அன்றிலிருந்து தீயணைப்புச் சாமானுக்கு தரம் தெரிந்த உலோகக் கட்டியான இங்காட்டும், எங்கள் சொந்த வார்ப்பில் மிஞ்சும் ரன்னர் ரைசரும் மட்டும்தான். வெளி ஸ்க்ராப் தொடுவதில்லை. உருக்கும் ஒவ்வொரு தடவைக்கும் (ஹீட்) ஒரு துண்டு எடுத்து நம்பர் போட்டு வைக்கிறோம். கோவையில் சிடார்க் போன்ற ஆய்வகங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, சாக்குச் சொல்ல வழியில்லை. அனுப்புவதற்கு முன் நூற்றுக்கு நூறும் நாமே தண்ணீரில் சோதித்துவிட வேண்டும். கையால் அடிக்கும் சோதனைப் பம்பு ஒன்று போதும், பெரிய முதலீடு இல்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. முத்திரை போட பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) உரிமம் வேண்டும். அதற்குச் சோதனைக் கருவி, ஆள், கட்டணம் எல்லாம் உண்டு. புதிதாக வருபவர்கள் உடனே அதில் இறங்க வேண்டாம். உரிமம் வைத்திருப்பவருக்கு வார்ப்பு மட்டும் ஜாப் ஒர்க்காக (கூலி வேலையாக) செய்து கொடுங்கள். இரண்டு வருடம் அவர் ஆய்வில் தேறினால் பிறகு யோசிக்கலாம். யாராவது "முத்திரையையும் பேட்டர்னிலேயே போட்டுக் கொடுத்துடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றால் (பேட்டர்ன் என்பது மணலில் பதிக்கும் அச்சு மாதிரி), அவருடைய உரிம எண்ணை பி.ஐ.எஸ். செயலியில் சரிபார்க்காமல் செய்யாதீர்கள். உரிமம் இல்லாமல் முத்திரை போடுவது 2016-ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். சட்டப்படி குற்றம், பிடிபடுவது ஊற்றியவர்தான்.

ஃபவுண்டரி இல்லாதவர்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. கப்ளிங்கை ஹோஸின் முனையில் கம்பி சுற்றிக் கட்ட வேண்டும், இதை பைண்டிங் என்பார்கள். கேன்வாஸ் ஹோஸை கப்ளிங்கின் வரி போட்ட வால் மேல் ஏற்றி, கம்பியை நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றி முடிக்க வேண்டும். எங்களிடம் லேத்தில் இருந்த தம்பி ஒருவன் இப்போது இதை மட்டும் தனியாகச் செய்கிறான். மில்களின் வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுப்பவர்கள் அவனிடம் வருகிறார்கள். அவன் முதலீடு ஒரு பைண்டிங் மெஷின், ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்.

இனி காகிதம். சலிப்பான விஷயம், ஆனால் பணம் நிற்பது இங்கேதான்.

உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு, முதலில். ஆதாரும் பானும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் போலி. 2025 ஏப்ரல் முதல் இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுவரவு பத்துக் கோடி வரை குறு நிறுவனம். நம்மில் முக்கால்வாசிப் பேர் இதற்குள்தான். ஆர்டர் வாங்குவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். 'உற்பத்தி' என்று பதிவு செய்யுங்கள். வாங்கி விற்பவர் என்று பதிந்தால் கொள்முதல் முன்னுரிமையும் கிடைக்காது, தாமதப் பணத்துக்கான பாதுகாப்பும் கிடைக்காது.

மாநில டெண்டர்கள் தமிழ்நாடு டெண்டர் தளத்தில் வரும். 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு விதிகளும்தான் அடிப்படை. இரண்டு கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம். இந்தப் பதினைந்து நாளில் டிஜிட்டல் கையெழுத்து வாங்க ஓடினால் முடியாது, அதை முன்பே எடுத்து வையுங்கள். சின்னத் தொகைக்கு டெண்டர் போடாமல் விலைப்புள்ளி வாங்கியே முடித்துவிடுவார்கள், அதற்கு உங்கள் பெயர் அங்கே தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட அலுவலகத்துக்கு ஒருமுறை போய் விலைப்பட்டியலும் ஒரு மாதிரிச் சாமானும் காட்டிவிட்டு வாருங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் மட்டும் போகாதீர்கள், யாருக்கும் பேச நேரம் இருக்காது.

மத்திய அரசு நிறுவனங்களையும் விடாதீர்கள். விமான நிலையம், துறைமுகம், அனல்மின் நிலையம் இவற்றுக்கெல்லாம் சொந்தத் தீயணைப்புப் பிரிவு உண்டு. அங்கே 25 சதவீதக் கொள்முதல் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து என்று விதி. நம் விலை மிகக் குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் கூடியிருந்து, அந்தக் குறைந்த விலைக்கே தர நாம் ஒப்புக்கொண்டால் நமக்கும் ஒரு பங்கு வரும். டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. அந்த 25 சதவீதத்துக்குள் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. என் மனைவி இதைப் படித்த நாளிலிருந்து பட்டறையைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்கிறாள். கேட்பதில் நியாயம் இருக்கிறது, நான்தான் தள்ளிப்போடுகிறேன்.

டெண்டர் போடும்போது நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்ய வேண்டாம். விலை நிரப்பும் எக்செல் கோப்பை டவுன்லோட் செய்து, நிரப்பி, அடையாளம் தெரிவதற்காக 'ரேட் ஃபைனல்' என்று பெயர் மாற்றி வைத்தேன். மூன்று மணிக்குக் கடைசி நேரம். இரண்டே முக்காலுக்கு ஏற்றினால் தளம் ஏற்கவில்லை. பெயரை மாற்றக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது, யார் படித்தார்? பழைய பெயர் என்ன என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மணி மூன்றாகிவிட்டது. முதல் நாளே ஏற்றிவிடுங்கள். விலையைத் திருத்த வேண்டுமென்றால் கடைசி நேரத்துக்குள் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

விலை போடும்போது இன்றைய தாமிர விலையில் போடாதீர்கள். டெண்டர் திறந்து, ஒப்பிட்டு, ஆர்டர் கைக்கு வர மூன்று மாதம் ஆகும். அதற்குள் தாமிரம் ஏறினால் நஷ்டம் உங்களுடையது, விலையை மாற்ற வழி கிடையாது. நான் கடந்த ஆறு மாதத்தின் உச்ச விலையை வைத்துக் கணக்குப் போடுவேன். அதனால் சில டெண்டர் கைவிட்டுப் போயிருக்கிறது. போகட்டும்.

பணம் வருவது கடைசிப் பாடம். ஜனவரியில் கொடுத்த சாமானுக்கு மார்ச் 31-க்குள் பில் பாஸ் ஆகவில்லை என்றால் அந்த வருடத்து ஒதுக்கீடு முடிந்துவிடும்; அடுத்த வருடத்துப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு ஒருமுறை ஜூலை வரை போனது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: டெலிவரி சலானில் சாமான் வாங்கியவர் கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. ஆறு பேர் சம்பளத்துக்கு நகையை வைத்தோம். அப்போதிருந்து சலானில் கையெழுத்து, தேதி, சீல் மூன்றும் இல்லாமல் வண்டியைத் திருப்பக் கூடாது என்று டிரைவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முடிந்தவரை டிசம்பருக்குள் சப்ளையை முடித்துவிடுங்கள்.

சட்டம் நம் பக்கம்தான். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. இணையத்தில் மனு போட்டால் இதற்கென்றே உள்ள வசதியாக்க மன்றம் விசாரிக்கும். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு இடத்தில் மன்றம் இருக்கிறது. நான் உடனே அங்கே ஓடச் சொல்ல மாட்டேன். முதலில் இந்தச் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம் போடுங்கள், பெரும்பாலும் அதிலேயே கோப்பு நகரும். தனியார் பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்தால் இன்னும் சுலபம்: 45 நாளைத் தாண்டினால் பணம் தரும் வரை அந்தச் செலவை அவர்கள் வருமான வரியில் கழிக்க முடியாது. அவர்களுடைய ஆடிட்டரே நமக்காகப் போன் பண்ணுவார்.

இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் அரசு அலுவலகம் வரி சேர்க்காத தொகையில் 2 சதவீதத்தை ஜிஎஸ்டி டிடிஎஸ்ஸாகப் பிடித்துவிட்டுத்தான் தரும். அது தொலைந்த பணம் இல்லை. ஜிஎஸ்டி தளத்தில் நாம் 'ஏற்கிறேன்' என்று கொடுத்தால் நம் ரொக்கக் கணக்குக்கு வந்துவிடும். எங்கள் தெருவில் ஒருவர் மூன்று வருடமாக அதைக் கொடுக்காமலேயே இருந்திருக்கிறார்.

ஏப்ரல் 14 வந்தால் தீத்தொண்டு வாரம். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களை நினைத்து நடத்துவது. பள்ளியிலும் மில்லிலும் செயல்விளக்கம் செய்து காட்டுவார்கள். எல்லோரும் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்ப்பார்கள். நீங்கள் ஹோஸ் இணையும் இடத்தில் போய் நில்லுங்கள். தரை நனைகிறதா, எந்தக் கப்ளிங்கைக் காலால் மிதித்துக் கழற்றுகிறார்கள், பிளஞ்சரில் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். முடிந்ததும் ஹோஸைச் சுருட்டுகிறவரிடம் கேளுங்கள். போன ஏப்ரலில் அப்படிக் கேட்டபோது ஒருவர், "அண்ணா, பிடிக்கிற காது இன்னும் ரெண்டு மில்லி நீளமா இருந்தா கையுறையோட கழட்ட வரும்" என்றார். தரத்தில் அதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து, பேட்டர்னைத் திருத்தக் கொடுத்திருக்கிறேன்.